நிப்பூர் பிள்ளைகளின் களிமண் ஏடு

திருவிதாங்கூர் திவான்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். எழுத்து வடிவத்தை ‘லிபி’ என்றும் சொல்கிறோம். பதவியைக் குறிக்கும் சொல்லுக்கும் எழுத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் தோன்றும். மொழியறிஞர்கள் பலரோ இரண்டையும் ஒரே கொடியில் காய்த்த காய்கள் என்கிறார்கள். அசோகரின் கல்வெட்டுகளில் பல இடங்களில் ‘லிபி’ என்று வரும் சொல், வடமேற்கு எல்லையில் உள்ள சாபாஸ்கடி கல்வெட்டில் ‘திபி’ என்று வருகிறது. அது பழைய பாரசீகச் சொல். பாரசீகர்கள் அதை ஏலம் நாட்டாரின் ‘துப்பி’யிலிருந்து பெற்றார்கள். ஏலம் நாட்டாருக்கு அது பழைய ஈராக்கின் அக்காடியர்களின் ‘துப்பும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அக்காடியர்களுக்குக் கொடுத்தவர்கள் சுமேரியர்கள். அவர்கள் வாயில் அது வெறும் ‘துப்’. பொருள், களிமண் ஏடு. ‘திபி’ இருக்கும் வீடு, அதாவது ஆவணக் கூடம், பாரசீகத்தில் ‘திவான்’ ஆயிற்று. கூடத்தின் பெயர் அலுவலகத்துக்கும், அலுவலகத்தின் பெயர் அதை ஆண்டவருக்கும் ஒட்டிக்கொண்டது.

சொல் நடந்து வந்த தூரம் இது. அந்தக் களிமண் ஏட்டைப் படிக்கக் கற்றுத்தரும் பாடம் நடந்து வந்த தூரம் இன்னும் வியப்பானது. ஹம்முராபியின் சட்டத்தையும் கில்கமெஷின் கதையையும் பள்ளி வரலாற்றுப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம். ஆப்பு ஆப்பாகக் குத்திய அந்த எழுத்தைப் படிக்க இன்று சிகாகோவிலும் மியூனிக்கிலும் கேம்பிரிட்ஜிலும் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வகுப்பின் முதல் பெஞ்சு ஈராக்கில் இருக்கிறது.

தெற்கு ஈராக்கில் நிப்பூர் என்ற பழைய நகரம். 1951–52இல் அங்கே தோண்டிய தொல்லியலாளர்கள் ஒரு சிறு வீட்டைக் கண்டார்கள். அதற்கு ‘எஃப் வீடு’ என்று பெயரிட்டார்கள். சின்னஞ்சிறு அறைகளும் ஒரு முற்றமும் கொண்ட சாதாரண வீடுதான். உள்ளேயோ சுமார் 1,400 களிமண் ஏட்டுத் துண்டுகள். கி.மு. 1740 வாக்கில் அது ஒரு வாத்தியார் வீடு. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி. பிள்ளைகள் எழுதி முடித்த ஏடுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து மறுபடியும் பயன்படுத்துவது வழக்கம். வீட்டைப் பழுது பார்த்தபோது யாரோ அந்த ஏடுகளை அள்ளிச் சுவரிலும் தரையிலும் செங்கல்லுக்குப் பதிலாக வைத்துப் பூசிவிட்டார்கள். அந்தச் சிக்கனம்தான் அவற்றைக் காப்பாற்றியது.

அந்தக் காலப் பயிற்சி ஏட்டில் ஒரு வகையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஏட்டின் இடப்பக்கம் ஆசிரியர் எழுதிய வரிகள். ஆப்புகள் ஒழுங்காக, ஒரே ஆழத்தில் பதிந்திருக்கும். வலப்பக்கம் மாணவன் அதைப் பார்த்து எழுதவேண்டிய இடம். எழுதுவான், தப்பாகும், கட்டைவிரலால் வழித்துத் துடைப்பான், மறுபடி எழுதுவான். வழித்து வழித்து வலப்பக்கத்து மண் இடப்பக்கத்தைவிட மெலிந்து போயிருக்கும். சில ஏடுகளில் அந்தப் பாதியே உடைந்து காணாமல் போயிருக்கிறது. 3,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை எத்தனை முறை தவறினான் என்பதை மண்ணின் கனம் சொல்கிறது. இதைவிட உயிருள்ள வரலாற்று ஆவணத்தை நான் அறியேன்.

முதல் பாடம் அசைகள். து–தா–தி, நு–நா–நி, பு–பா–பி என்று ஓதிக்கொண்டே எழுதவேண்டும். நம் உயிர்மெய் வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் படித்தவர்களுக்கு இந்த ஓசை புதிதல்ல. அடுத்து சொற்பட்டியல்கள். மரங்களின் பெயர்கள், மரச் சாமான்கள், நாணலில் முடைந்தவை, மண் பாண்டங்கள், தோல், உலோகம், விலங்கு, கல், செடி, மீன், பறவை, துணி, ஊர்கள், உணவு என்று ஆயிரக்கணக்கான சொற்கள் வகை வகையாக வரும். பிற்காலத்தில் 24 ஏடுகளாக நிலைபெற்ற அந்தப் பட்டியலைத் தமிழர் பார்த்தால் உடனே ஒரு பெயர் வைப்பார்கள்: நிகண்டு. மக்கட்பெயர்த் தொகுதி, விலங்கின்பெயர்த் தொகுதி, மரப்பெயர்த் தொகுதி என்று திவாகரம் பிரித்துக்கொண்டதும் ஏறத்தாழ இதே முறையில்தான்.

நிப்பூர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசியது அக்காடியம். பள்ளியில் மனப்பாடம் செய்ததோ சுமேரியம். அப்போதே சுமேரியம் வழக்கொழிந்துவிட்டது. ஆக, யாரும் பேசாத மொழியை வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் வழக்கத்துக்கே நாலாயிரம் வயது ஆகப்போகிறது. பள்ளி வாழ்க்கையைப் பற்றிய சுமேரியக் கதை ஒன்று உண்டு. அமெரிக்க அறிஞர் சாமுவேல் நோவா கிராமர் 1949இல் அதைப் பதிப்பித்தார். அதில் வரும் மாணவன் ஒரே நாளில் பலமுறை பிரம்படி வாங்குகிறான். தாமதமாக வந்ததற்கு, கேட்காமல் பேசியதற்கு, கையெழுத்து சரியில்லாததற்கு அடி. சுமேரியத்தில் பேசாததற்கும் அடி. தாய்மொழியில் பேசியதற்குத் தண்டனை வாங்கியவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். கடைசியில் பையனின் அப்பா வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து, விருந்து வைத்து, புது உடுப்பும் மோதிரமும் கொடுக்கிறார். அதன்பின் பையனுக்குப் பாராட்டு மழை.

எழுத்தைக் கண்டுபிடித்தது சுமேரியர்கள் என்பதால் அக்காடியர்களின் நிலை சற்றுச் சங்கடமானது. சுமேரியம் நம் தமிழைப் போலச் சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மொழி. அக்காடியமோ அரபு, எபிரேய மொழிகளின் உறவு. மூன்று மெய்களை வேராக வைத்துக்கொண்டு உள்ளே உயிர்களை மாற்றிப் போட்டுச் சொல் செய்யும். ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டார். நட்சத்திரம் போல் வரைந்த குறி சுமேரியத்தில் வானத்துக்கு ‘அன்’, கடவுளுக்கு ‘திங்கிர்’. அக்காடியர் கையில் அதே குறி ‘அன்’ என்ற வெறும் அசையாகவும், கடவுள் என்ற முழுச் சொல்லாகவும், தங்கள் மொழியில் கடவுளுக்குரிய ‘இலும்’ என்பதிலிருந்து ‘இல்’ என்ற அசையாகவும் ஆயிற்று. ஒரு குறிக்குப் பல வாசிப்பு, ஓர் ஓசைக்குப் பல குறி, மொத்தம் சுமார் 600 குறிகள். பின்னாளில் ஐரோப்பாவைத் தவிக்கவைத்த சிக்கல் இங்கேதான் முளைத்தது. ஒன்று மட்டும் நமக்கு அனுகூலம். சுமேரியத்தோடு பழகியதாலோ என்னவோ, அக்காடியமும் வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில்தான் வைக்கும்.

இந்தப் பாடத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன முதல் ஆட்கள் வியாபாரிகள். கி.மு. 1900களில் அசூர் நகரத்து வணிகர்கள் கழுதைகள்மேல் வெள்ளீயத்தையும் துணியையும் ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளித் துருக்கியின் நடுவிலுள்ள கனேஷுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் குடியிருப்பில் கிடைத்த ஏடுகள் மட்டும் சுமார் 23,000. கடன் பத்திரம், சரக்குக் கணக்கு, வீட்டுக் கடிதம் என்று எல்லாம் அக்காடியத்தின் அசூர் வழக்கில். வணிகருக்கு 600 குறிகள் எதற்கு? நூற்றைம்பது, இருநூறோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்களும் எழுதினார்கள்.

பிறகு மற்றவர்களும் அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். ஹிட்டைட்டுகள் தங்கள் மொழிக்கே இந்த எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். கானான் நாட்டுச் சிற்றரசர்கள் இதில் விண்ணப்பம் எழுதினார்கள். அழகான சித்திர எழுத்தைச் சொந்தமாக வைத்திருந்த எகிப்திய மன்னர்களும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டுக்கு அக்காடியத்தில்தான் கடிதம் எழுதினார்கள். 1887இல் எகிப்தின் அமார்னாவில், வயலுக்கு உரமாகப் போட மக்கிய செங்கல் மண்ணைத் தோண்டிய ஒரு கிராமத்துப் பெண்ணின் கையில் அந்தக் கடிதங்கள் சிக்கின என்று சொல்வார்கள். இன்று கணக்கில் உள்ளவை சுமார் 380. கடிதங்களுக்கு நடுவே அதாபா என்ற ஞானியைப் பற்றிய கதை ஏடு ஒன்றும் இருந்தது. அதில் சொல்லுக்குச் சொல் பிரித்துக்காட்ட மையால் சிவப்புப் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். களிமண் எழுத்தில் சொற்களுக்கு இடைவெளி கிடையாது. எங்கே சொல் முடிகிறது என்று தெரியாமல் திணறிய எகிப்திய மாணவருக்கு யாரோ செய்த உதவி அது. ஓலைச்சுவடியில் புள்ளியும் இடைவெளியும் இல்லாத தமிழைப் பிரித்துப் படித்தவர்களுக்கு அந்தப் புள்ளிகளின் அருமை தெரியும்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசர் அசூர்பனிபால் தான் படித்தவன் என்று கல்லிலும் மண்ணிலும் பெருமை பேசினார். ஊழிவெள்ளத்துக்கு முந்தைய ஏடுகளையும் படிப்பேன் என்றார். நினிவேயில் அவர் சேர்த்த நூலகத்தின் 30,000க்கு மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 612இல் எதிரிகள் நினிவேயைக் கொளுத்தினார்கள். தீயில் மண் ஏடுகள் பல சுட்ட செங்கல்லாகி நிலைத்துவிட்டன.

அதற்குள் அரமேய மொழி எங்கும் பரவியிருந்தது. 22 எழுத்து, தோல் சுருள், மை, கற்க எளிது. அக்காடியம் தெருவை விட்டுக் கோயிலுக்குள் ஒதுங்கியது. கடைசிக் காலத்துப் பாபிலோனில் சில பயிற்சி ஏடுகளின் ஒரு பக்கம் ஆப்பெழுத்தும், மறுபக்கம் அதே பாடத்தின் ஒலிப்பு கிரேக்க எழுத்திலும் இருக்கின்றன. பாட்டி மொழியை அன்னிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கும் பேரன்களைப் போல. நாள் கணிக்கக்கூடிய கடைசி ஏடுகள் கி.பி. 75–80 வாக்கில் எழுதிய வானியல் குறிப்புகள். அதற்குப் பின் கற்பித்தவரும் இல்லை, கற்றவரும் இல்லை. எழுத்து மண்ணுக்குள் போயிற்று.

ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து, 1621இல், பியத்ரோ தெல்லா வல்லே என்ற ரோமானியப் பயணி ஈரானின் பெர்செபோலிஸ் இடிபாடுகளில் ஐந்து குறிகளைப் பார்த்து எழுதி நண்பருக்கு அனுப்பினார். ஆப்பின் தலை இருக்கும் பக்கத்தை வைத்து, இது இடமிருந்து வலமாக எழுதப்பட்டது என்றும் சரியாக ஊகித்தார். அடுத்து அவர் வந்தது இந்தியாவுக்கு. வழியில் இறந்துபோன மனைவியின் உடலைப் பதப்படுத்திப் பேழையில் வைத்து, ரோமில் அடக்கம் செய்வதற்காகக் கொண்டுவந்துகொண்டிருந்தார். 1623இல் கர்நாடகத்தின் இக்கேரிக்குப் போகும் வழியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதி, ராகம் போட்டு எண்கள் கற்பதைப் பார்த்து வியந்து குறித்துவைத்தார். எழுதியதை அழித்து மறுபடி மணலைப் பரப்பிக்கொள்ளும் அந்த முறை நிப்பூர்ப் பிள்ளைகளின் முறைதான். அவருக்கு அது தெரிய வழியில்லை.

அடுத்த ஆள் கார்ஸ்டன் நீபூர். அவரை அனுப்பியது டென்மார்க் அரசர். 1750களில் மிக்கேலிஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் முதலில் தீட்டிய திட்டப்படி, ஒரே ஓர் அறிஞர் டேனிஷ் கப்பலில் நம் தரங்கம்பாடிக்கு வந்து அங்கிருந்து அரேபியா போகவேண்டும். திட்டம் பெரிதாகி, 1761இல் ஆறு பேர் எகிப்து வழியாகப் போனார்கள். காய்ச்சலும் கடலும் ஐந்து பேரைக் கொண்டுபோயின. கடைசித் தோழர் இறந்தது பம்பாயில். தனியாளாக நின்ற நீபூர் 1765இல் பெர்செபோலிஸ் போய்ச் சேர்ந்தார். வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுக் கண் கூசக் கூச, கல்வெட்டுகளை வரி பிசகாமல் பார்த்து எழுதினார். அங்கே இருப்பது ஒன்றல்ல, மூன்று எழுத்து முறைகள் என்று பிரித்துக் காட்டியதும் அவரே. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். பொருள் தெரியாத எழுத்தை அத்தனை நேர்மையாக நகல் எடுக்கப் பெரிய பொறுமை வேண்டும்.

1778இல் வெளியான அந்த நகலை வைத்துக்கொண்டு, 1802இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் 27 வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நண்பரிடம் பந்தயம் கட்டினார். பெயர் குரோட்டபெண்ட். கீழை மொழிகள் அவர் படிப்பே அல்ல. புதிர் விடுவிப்பதில் ஆசை. பிற்காலப் பாரசீக மன்னர்கள் “இன்னார், பேரரசர், அரசர்க்கு அரசர், இன்னாரின் மகன்” என்ற வாய்பாட்டில் பெயர் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இடங்களை ‘அரசர்’ என்று வைத்தார். இரண்டு கல்வெட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் மகன் அரசர், அப்பாவும் அரசர், தாத்தா மட்டும் அரசர் அல்ல. பாரசீக வரலாற்றில் அப்படிப் பொருந்துவது செர்க்சஸ், தாரியஸ், ஹிஸ்தாஸ்பஸ் வரிசைதான். பெயர்கள் பூட்டுக்குச் சாவியாகப் பொருந்தின. அவர் ஓரளவு தீர்த்தது மூன்றில் எளிய பாரசீக எழுத்தை மட்டும். கோட்டிங்கன் கல்விக்கழகம் அவர் கட்டுரையை முழுதாக அச்சிடவில்லை. 1805இல் நண்பர் ஒருவரின் நூலில் பின்னிணைப்பாகத்தான் வெளிவந்தது.

மற்ற இரண்டையும் திறக்க நீண்ட உரை ஒன்று தேவைப்பட்டது. அது ஈரானின் பெகிஸ்துன் மலைச் செங்குத்தில், தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருந்தது. தாரியஸ் தன் வெற்றிகளைப் பாரசீகம், ஏலமியம், அக்காடியத்தின் பாபிலோனிய வழக்கு ஆகிய மூன்றிலும் பொறித்துவைத்த பாறை. 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து பம்பாய் வந்து, பாரசீகம் கற்று, ஈரானுக்குப் போன ஹென்றி ராலின்சன் 1835 முதல் அதை ஏணி வைத்து நகல் எடுத்தார். அக்காடியப் பகுதிக்கு மட்டும் ஏணி எட்டவில்லை. 1847இல் ஒரு குர்து இனச் சிறுவன் முன்வந்தான். பாறை இடுக்கில் மர ஆப்பு அடித்து, கயிறு கட்டி, பிடிமானமே இல்லாத பாறையை விரல் நுனிகளால் பற்றிக் கடந்தான். ஈரக் காகிதத்தை எழுத்தின்மேல் அழுத்தி அச்செடுத்து வந்தான். அக்காடியத்தைத் திறந்த சாவி அந்தக் காகிதம். சிறுவனின் பெயரை ராலின்சன் எழுதிவைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பெகிஸ்துன் பாறையின் இரண்டாம் மொழி நம் பக்கமும் வந்தது. அந்த ஏலமிய உரையை எட்வின் நாரிஸ் 1855இல் வெளியிட்டார். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல், 1856இல் வந்த தன் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் அந்த மொழியைத் தமிழோடு ஒப்பிட்டு உறவு தேடினார். ஏலமியத்துக்கும் திராவிடத்துக்கும் உறவு என்ற கருத்தைப் பின்னாளில் வேறு சிலரும் எடுத்துப் பேசினார்கள்; மொழியறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் ஈரானின் பாறை எழுத்து ஒன்று, வாசிக்கப்பட்ட சூட்டிலேயே தேரிக்காட்டு ஊர்க்காரர் ஒருவரின் நூலில் விவாதமானது நினைக்கத் தக்கது.

வாசிக்க ஏடுகளும் குவிந்தன. அதுவும் ஒரு விபத்தால்தான். ஆஸ்டன் ஹென்றி லேயார்ட் என்ற இளைஞர் 1839இல் இலங்கையில் வக்கீல் தொழில் பார்க்கலாம் என்று இங்கிலாந்திலிருந்து தரை வழியாகப் புறப்பட்டார். மோசூல் அருகே மண்மேடுகளைப் பார்த்தவர் மனம் அங்கேயே நின்றுவிட்டது. கூட வந்த நண்பர் இலங்கை போய்ச் சேர்ந்தார். லேயார்ட் 1845இல் நிம்ருதைத் தோண்டினார். அவரிடம் பழகிய மோசூல்காரர் ஹோர்முஸ்த் ராசாம் 1853இல் அசூர்பனிபாலின் அரண்மனையைக் கண்டார்.

அக்காடிய எழுத்தின் சூட்சுமத்தைப் பிடித்தவர் அயர்லாந்தின் கில்லிலீ என்ற சிற்றூர்ப் பாதிரியார் எட்வர்டு ஹிங்க்ஸ். குறிகள் தனி எழுத்துகள் அல்ல, அசைகள். ஒரே குறிக்குப் பல ஓசை உண்டு என்று அவர் காட்டினார். “ஒரு குறியை எப்படியும் வாசிக்கலாம் என்றால், எதையும் எப்படியும் சொல்லிவிடலாமே” என்று படித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம். 1857இல் ஒரு பரீட்சை நடந்தது. புகைப்படக் கலையின் முன்னோடியான பாக்ஸ் டால்பட், கி.மு. 1100ஐ ஒட்டிய திக்லத்-பிலேசர் மன்னரின் சுமார் 800 வரி உரையை மொழிபெயர்த்து, உறையில் முத்திரையிட்டு லண்டன் ராயல் ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். அதே உரையை ராலின்சன், ஹிங்க்ஸ், பாரிஸ் அறிஞர் ஒப்பெர்ட் மூவரும் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். உறைகளைப் பிரித்துக் குழு ஒப்பிட்டது. முக்கியமான இடங்களில் நான்கும் ஒத்துப்போயின. அன்றிலிருந்து அக்காடியம் மறுபடியும் கற்றுத்தரக்கூடிய பாடம்.

கற்றுக்கொள்ள முதலில் வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஸ்மித். பணநோட்டு அச்சுத் தகடு செதுக்கும் தொழிலாளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடி ஏடுகளைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றார். ராசாம் தோண்டிய நினிவே ஏடுகளில் ஊழிவெள்ளக் கதையைக் கண்டெடுத்து 1872 டிசம்பர் 3 அன்று பிரதமர் கிளாட்ஸ்டன் முன்னிலையில் வாசித்தார். டெய்லி டெலிகிராப் நாளிதழ் ஆயிரம் கினி கொடுத்து அவரை நினிவேக்கு அனுப்பியது. கதையில் விடுபட்ட இடத்துக்குப் பொருந்தும் துண்டு ஒன்றைச் சில நாளிலேயே கண்டுபிடித்தார். 1876இல் அலெப்போவில் நோயுற்று இறந்தபோது வயது 36.

பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பாரிசில் ஒப்பெர்டுக்கு 1874இலும், பெர்லினில் ஷ்ராடருக்கு 1875இலும் பேராசிரியர் இருக்கை கிடைத்தது. லைப்சிக்கில் பிரீட்ரிக் டெலிட்ச் 1876இல் மாணவர்களுக்கான பாடநூல் வெளியிட்டார். அவரிடம் படித்த டேவிட் லயன் 1882இல் ஹார்வர்டுக்கும், பவுல் ஹவுப்ட் 1883இல் பால்டிமோருக்கும் பாடத்தைக் கொண்டுபோனார்கள். 1889 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் நிப்பூரைத் தோண்டினார்கள். கிடைத்த பள்ளி ஏடுகளில் பாதி இஸ்தான்புல்லுக்கும் பாதி பிலடெல்பியாவுக்கும் போயின. ஒரே ஏட்டின் இரு துண்டுகள் இரு கண்டங்களில்.

1935இல் லைப்சிக் பேராசிரியர் பென்னோ லாண்ட்ஸ்பெர்கர் யூதர் என்பதற்காக நாஜி ஆட்சியில் வேலை இழந்தார். அதே ஆண்டு அத்தாதுர்க் அங்காராவில் புதிய மொழிப்புலம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். லாண்ட்ஸ்பெர்கரை அழைத்துக்கொண்டது துருக்கி. கழுதைகள்மேல் துருக்கிக்குப் போன பாடம், 3,800 ஆண்டு கழித்து அகதியாக மறுபடி அங்கே போனது. அவரிடம் படித்த முவஸ்ஸஸ் இல்மியே சிக் முப்பது ஆண்டுக்கு மேல் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் ஏடுகளை ஒழுங்குபடுத்தினார். 2024இல் 110 வயதில் மறைந்தார். 1948இல் அங்காராவும் கைவிட, லாண்ட்ஸ்பெர்கர் சிகாகோ போனார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி எதற்குச் செலவானது தெரியுமா? நிப்பூர்ப் பிள்ளைகள் படித்த அந்த நிகண்டுப் பட்டியல்களைப் பதிப்பிக்க. இடப்பக்கம் சுமேரியச் சொல், வலப்பக்கம் அக்காடியச் சொல் என்று பழைய வாத்தியார்கள் எழுதிவைத்த பட்டியல்கள் இன்றி இன்றைய அகராதிகள் உருவாகியிருக்க முடியாது.

சிகாகோவில் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் 1921இல் தொடங்கிவைத்த அக்காடிய அகராதி, 2011இல்தான் நிறைவு பெற்றது. 90 ஆண்டு, 21 தொகுதி, சுமார் 28,000 சொற்கள். தொடங்கியவர்களில் எவரும் முடிவைப் பார்க்கவில்லை.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். முதல் வாரமே ‘இபர்ரஸ், இப்தரஸ், இப்ருஸ்’ என்று வினை வாய்பாட்டை ஓதவைப்பார்கள். ‘முடிவுசெய்’ என்ற வினையின் மூன்று காலநிலைகள் அவை. உலகெங்கும் அக்காடியம் படித்தவர்கள் இந்த மூன்றையும் தூக்கத்திலும் சொல்வார்கள். வீட்டுப் பாடம் நான்கு படி. குறிகளைப் பார்த்து எழுது, ஒவ்வொன்றையும் அசையாக்கு, அசைகளைச் சொல்லாகச் சேர், பிறகு மொழிபெயர். பல வகுப்புகளில் முதலில் படிக்கும் பெரிய நூல் ஹம்முராபியின் சட்டம். 1901–02 குளிர்காலத்தில் ஈரானின் சூசாவில் கிடைத்த கருங்கல் தூண் அது. அதில் சட்டங்கள் தொடங்கும் சொல்லைத் தமிழ் மாணவர் மறக்கவே மாட்டார்: ‘ஷும்மா’. நம் சும்மாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அக்காடியத்தில் ‘என்றால்’ என்ற நிபந்தனைப் பொருள் தரும் சொல் அது.

2018இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘நிப்பூரின் ஏழை’ என்ற பழங்கதையைப் பாபிலோனிய மொழியிலேயே பேசி நடித்துக் குறும்படமாக்கினார்கள். ஒரே ஓர் ஆட்டைக் காணிக்கையாகக் கொடுத்து அவமானப்பட்ட ஏழை, நகரத் தலைவரை மும்முறை பழிவாங்கும் கதை. அது நமக்குக் கிடைத்தது துருக்கியின் சுல்தான்தெப்பேயில் கண்டெடுத்த கி.மு. 701ஆம் ஆண்டு ஏட்டின் வழியாக. எழுதியவர் ஒரு பயிற்சி மாணவர். சுமேரிய இலக்கியத்தில் இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதியும் இப்படி மாணவர்கள் எழுதிப் பழகிய படிகள்தான். மன்னர்கள் கல்லில் பொறித்ததைவிட, பிள்ளைகள் மண்ணில் எழுதிப் போட்டது நமக்கு அதிகம் தந்திருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

நமக்கு இதில் ஒரு நேரடி வேலையும் இருக்கிறது. அக்காடியப் பேரரசை நிறுவிய சார்கோன், மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் வந்து நின்றதாகப் பொறித்துவைத்தார். மெலுஹா என்பது சிந்துவெளி என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கிறார்கள். பாரிசின் லூவ்ரில் ஒரு சின்ன உருளை முத்திரை இருக்கிறது. உரியவர் பெயர் ஷு-இலிஷு. தொழில், மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். சிந்து மொழியும் அக்காடியமும் தெரிந்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதல்வர், சிந்து எழுத்தின் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். அந்தப் பரிசில் கண் வைத்திருக்கும் நம் பிள்ளைகளில் சிலராவது முதலில் அக்காடியம் படிக்க வேண்டும். மெலுஹாவைப் பற்றி அக்காலத்தவர் எழுதியவை ஆப்பெழுத்தில்தான் இருக்கின்றன.

படிக்கத் தடை ஒன்றுமில்லை. சிகாகோ அகராதியின் 21 தொகுதிகளையும் அந்தப் பல்கலைக்கழகமே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. முதல் குறியை எழுதிப் பார்க்க, கொஞ்சம் பிசைந்த சப்பாத்தி மாவும் ஓர் ஐஸ் குச்சியும் போதும். குச்சியின் மூலையைச் சாய்த்து அழுத்துங்கள், ஆப்பு விழும். தப்பானால் கட்டைவிரலால் வழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.